பெயர்ப்பலகையும் ரசீதும்: ஒரு நிதி திரட்டல் ஆலோசனைச் சேவையோடு ஓராண்டு

வட சென்னையில் ஒரு குருசேகரத்தை (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவ சபையை) ஒட்டி இயங்கும் சிறிய அறக்கட்டளைக்கு நான் செயலர். ஆலய வளாகத்தின் பின்கட்டில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை சுற்றுவட்டாரப் பிள்ளைகள் 80 பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். தனியே வாழும் முதியவர்கள் 30 பேருக்கு வாரத்தில் 5 நாள் மதியச் சாப்பாடு வீடு தேடிப் போகிறது. இவ்விரண்டு வேலைகளுக்கும் பணம் போதாமல் போனபோது, ஆலயங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நிதி திரட்ட வழிகாட்டுவதோடு ‘நிறுவன அடையாளம்’ என்ற ஒன்றையும் (பெயர், லோகோ, ரசீது, கடிதத்தாள் எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம்) அமைத்துத் தருகிற சென்னை நிறுவனம் ஒன்றை, 2023 ஜூன் முதல் 2024 மே வரை ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தினோம். கட்டணம் 1,80,000 ரூபாய். அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. ஆக மொத்தம் 2,12,400 ரூபாய். எங்கள் கணக்கில் இது ஐந்து மாத மதியச் சாப்பாட்டுச் செலவு. ஆகவே பெற்றது எவ்வளவு, பெறாதது எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டியது கடமை என்று நினைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை அவர்களிடம் நேரிலும் கடிதத்திலும் சொல்லியாயிற்று. இதே சேவையை ஏறக்குறைய இதே முறையில் தருகிறவர்கள் நகரில் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது அமர்த்தப்போகிற குருசேகரக் குழுவுக்கும் அறக்கட்டளைக்கும் இந்த அனுபவம் பொருந்தும்.

முதலில் கட்டணம். அவர்கள் முதலில் கேட்டது நிலையான தொகை அன்று; திரட்டப்படும் நன்கொடையில் 12 விழுக்காடு. ‘பணம் வந்தால்தானே கொடுக்கப்போகிறீர்கள், உங்களுக்கு நட்டம் ஏது’ என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் குழுவில் பாதிப்பேர் தலையாட்டியும் விட்டார்கள். பொருளாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: ஓய்வூதியத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற ஓர் அம்மாவிடம், ‘இதில் 120 ரூபாய் ஆலோசகருக்கு’ என்று ரசீதில் எழுதுவீர்களா? எழுத முடியாது என்றால் அந்த ஏற்பாடும் கூடாது என்றார். அமெரிக்காவில் 1960 முதல் இயங்கிவரும் நிதி திரட்டுவோர் சங்கம், தன் உறுப்பினர்கள் நன்கொடையில் விழுக்காடு பெறுவதைத் தன் நெறிமுறையிலேயே தடுத்திருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். விழுக்காட்டுக்கு உழைப்பவருடைய கண், பெரிய தொகை எங்கே இருக்கிறது என்றுதான் தேடும். நூறு ரூபாய் கொடுக்கிற வீட்டுப் படியை அவர் மிதிக்க மாட்டார். இரண்டு வார இழுபறிக்குப் பிறகு நிலையான கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அதை நான்கு தவணையாகப் பிரித்துக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்தச் சேவையில் மிகச் சிறந்த பகுதி முதல் மூன்று வாரங்களே. அதற்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்று இப்போதும் சொல்வேன். எங்களிடம் வந்த ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டாத பெண். படம் போட்டு விளக்கும் கூட்டம் எதையும் நடத்தாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வளாகத்தில் சுற்றினார். ஆயர், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில் பிள்ளை, பாடம் நடத்தும் ஆசிரியைகள், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்கள், கேட் அருகே பூக்கட்டுகிறவர், சாப்பாடு வாங்கும் முதியவர்கள் என்று 25 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: ‘இந்த இடத்துக்கு என்ன பெயர்?’ பிள்ளைகள் ‘பின்கட்டு’ என்றார்கள். தாய்மார்கள் ‘சாயங்காலப் பள்ளி’ என்றார்கள். பூக்கட்டுகிறவர் ‘டீச்சரம்மா டியூஷன்’ என்றார். சபையார் சிலர் ‘நம்ம டிரஸ்ட்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பத்திரத்தில் பதிவான பெயரை, ஏழு ஆங்கிலச் சொற்கள் கொண்ட அந்த நீண்ட பெயரை, முழுவதும் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொருளாளர். மற்றவர் நான், நானும் ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

இது வேடிக்கைக்காகச் செய்ததன்று என்பது அந்த ஆண்டு, விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் விளங்கியது. ஏலத்துக்கு வந்த பூசணிக்காய்களுக்கும் வாழைத்தாருக்கும் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு மேசை போட்டு, கைப்பேசியால் ஸ்கேன் செய்யும் க்யூஆர் அட்டை ஒன்றை நிறுத்தியிருந்தோம். சபையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூத்த அம்மா வந்து, பேரன் சொல்லிக்கொடுத்தபடி கைப்பேசியை நீட்டினார், திரையைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடியும் பார்த்தார். ‘வேற யாரு பேரோ காட்டுதே தம்பி, எதுக்கு வம்பு’ என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, 500 ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். யூபிஐ திரையில் தோன்றுவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான். எங்கள் பதிவுப் பெயர் நீளம் தாங்காமல் பாதியில் வெட்டுண்டு, தலையும் காலும் இல்லாத நாலு ஆங்கிலச் சொற்களாக அங்கே நின்றது. அந்த அம்மாவாவது ரொக்கம் கொடுத்தார். திரையைப் பார்த்துத் தயங்கி, சத்தமில்லாமல் கைப்பேசியை மூடிக்கொண்டு நகர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. ஆலோசகர் இதையெல்லாம் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘சார், உங்க அடையாளப் பிரச்சினை லோகோ இல்லை, இதுதான்’ என்று மட்டும் சொன்னார்.

அவர் தந்த தீர்வும் எளிமையானது. மக்கள் வாயில் புழங்கும் ‘சாயங்காலப் பள்ளி’ என்ற பெயரை மேலே பெரிதாகவும், பதிவுப் பெயரை அதன் கீழே சிறிதாகவும், பெயர்ப்பலகை, ரசீது, கடிதத்தாள், க்யூஆர் அட்டை ஆகிய நான்கிலும் ஒரே வரிசையில் அமைக்க வேண்டும்; அட்டையில் மட்டும் ‘ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் தோன்றும்’ என்று வெட்டுண்ட பெயரை அப்படியே அச்சிட்டுவிட வேண்டும். இதற்கு முன்னுதாரணம் தேடி அவர் அயல்நாட்டுக்குப் போகவில்லை என்பதை நான் ரசித்தேன். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை எடுத்துக்காட்டினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனையைச் சென்னையில் எல்லோரும் சொல்வது ஊர்ப்பெயரோடு சேர்த்துத்தான். ஆனால் அதன் முறையான பெயரின் வாலில் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்ற மூன்றெழுத்து இன்றும் இருக்கிறது. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் சுருக்கம் அது. வாயில் வழங்கும் பெயரும் ஏட்டில் நிற்கும் பெயரும் வேறு வேறாக இருப்பதில் தவறில்லை. கொடுக்கிறவர் கண்ணில் இரண்டும் சேர்ந்தே பட வேண்டும்.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய வேலை, வடிவமைப்புப் பிரிவின் கைக்குப் போனதும் தடுமாறியது. ஆலோசகர் தமிழில் கேட்டதையெல்லாம் அவர்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, அந்த ஆங்கிலத்திலிருந்து எங்களுக்குத் தமிழ் செய்து அனுப்பினார்கள். ‘மாற்றத்தை ஒளியூட்டுதல்’ என்பது அவர்கள் அனுப்பிய முழக்கம். எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியை அதை வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டு, ‘இது யாருக்கு எழுதியது?’ என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. முழக்கமே வேண்டாம், ‘தினமும் மாலை 5 முதல் 7 வரை’ என்று போடுங்கள், அது போதும் என்றார் அவர். அப்படியே போட்டோம். பெயர்ப்பலகையில் இன்றைக்கு மிகவும் பயன்படும் வரி அதுதான்.

லோகோவாக வந்தவை மூன்று: இரு கைகளுக்கிடையே தளிர், இரு கைகளுக்கிடையே தீபம், இரு கைகளுக்கிடையே பிள்ளை. நகரத்தில் எந்தத் தொண்டு நிறுவனத்தின் நாட்காட்டியைப் புரட்டினாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். அதைவிடப் பெரிய குறை, மூன்றுமே நீலத்திலிருந்து பச்சைக்கு மெல்லக் கரையும் வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. கணினித் திரையில் அழகாகவே இருந்தன. ஆனால் அறக்கட்டளையின் லோகோ திரையில் மட்டும் வாழ்வதன்று. ரப்பர் முத்திரையில், கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகத்தில், சாப்பாட்டு வண்டியின் தகரத்தில், பிள்ளைகளின் நோட்டு அட்டையில் வாழ வேண்டும். நாங்கள் தேர்ந்த தீபத்தை முத்திரை செய்கிறவரிடம் கொடுத்தபோது, ஊதா மையில் அது ஒரு நசுங்கிய கத்தரிக்காயைப் போல விழுந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் தாமரையும் சிலுவையும் சேர்ந்த சின்னத்தை நினைத்துப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27-இல் கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான திருச்சபை அது. அதன் சின்னத்தைக் கல்லில் கொத்தினாலும், துணியில் தைத்தாலும், கரித்துண்டால் சுவரில் கிறுக்கினாலும் இன்னதென்று தெரியும். ஒரே நிறத்தில், ஒரு ரூபாய் நாணய அளவில் தெளிவாக விழுகிறதா என்று பார்த்த பிறகே எந்த லோகோவுக்கும் ஒப்புதல் தர வேண்டும். நாங்கள் அதைச் செய்யாமல் கையெழுத்திட்டோம். அந்தத் தவற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நன்கொடை கேட்டு அச்சுக்குப் போன கையேட்டில் நடந்தது இன்னும் கொடுமை. அவர்கள் வடிவமைக்கும் மென்பொருளில் தமிழுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) ஒற்றைக் கொம்பும் இணைக்கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் தட்டச்சாகி, திரையில் முன்னால் வந்து நிற்பவை. அமைப்பு சரியில்லையென்றால் அவை தட்டச்சான இடத்திலேயே அனாதையாக நின்றுவிடும். ‘நன்கொடை’ என்ற ஒரு சொல்லிலேயே கொவும் டையும் வருகின்றன அல்லவா! மெய்ப்பு அச்சில் அந்தச் சொல் வந்த 14 இடங்களிலும் கொம்புகள் பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டம் போட்டுக்கொண்டு கிடந்தன. ‘காணிக்கை’யின் கதியும் அதுவே. இதைக் கண்டுபிடித்தது அந்த நிறுவனம் அன்று. இராயப்பேட்டையில் எங்கள் ரசீதுப் புத்தகங்களை நெடுங்காலமாக அடித்துத் தருகிற அச்சகக்காரர். ‘என்ன சார், நன்கொடையே உடைஞ்சு கிடக்கு’ என்று தொலைபேசியில் கேட்டார். அவர் ஒரு நாள் தாமதித்து அழைத்திருந்தால் 2,000 பிரதி அப்படியே அச்சாகியிருக்கும்.

எழுத்துப் பிழைகளைவிட எனக்குக் கவலை தந்தவை கையேட்டின் செய்திப் பிழைகள். ‘எங்கள் ஆலயத்துக்கும் அறக்கட்டளைக்கும் தரும் நன்கொடைகளுக்கு முழு வரிவிலக்கு உண்டு’ என்று முதல் வரைவில் இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறுகள். அப்போது நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் எங்களைப் போன்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் 50 விழுக்காடு மட்டுமே கொடுப்பவரின் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதற்கும் அவர் வருமானத்தை ஒட்டி ஓர் உச்ச வரம்பு உண்டு. ஆலயத்துக்குத் தரும் காணிக்கை வேறு கணக்கு. முழுக்க வழிபாட்டுக்கென்று உள்ள அமைப்புக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்த வழிபாட்டிடங்களின் திருப்பணிக்குத் தருவது மட்டும் விதிவிலக்கு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் அப்படி அறிவிக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஒரே வளாகத்தில், ஒரே நாளில், ஒரே குடும்பம் காணிக்கைப் பையில் போடும் 500 ரூபாயும் எங்கள் மேசையில் தரும் 500 ரூபாயும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைக் கொடுக்கிறவருக்கு விளங்கச் செய்வதுதான் அடையாளம் அமைக்கும் வேலையின் அடிப்படை. ஆலயப் படத்தைக் கையேட்டின் முகப்பிலும் அறக்கட்டளையின் க்யூஆரைப் பின்னட்டையிலும் போட்டு அதை மழுங்கடித்திருந்தார்கள்.

இன்னொரு வரி அதைவிட ஆபத்தானது: ‘சபைப் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக.’ பரிவோடு எழுதியதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் அல்லது சாதியாரின் நன்மைக்கென்று தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் அறக்கட்டளைக்கு 80ஜி அங்கீகாரம் கிடையாது. ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவழிக்கவும் கூடாது. எங்கள் பத்திரத்தில் சாதி, மத வேறுபாடின்றி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பின்கட்டுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சபையைச் சேர்ந்தவர்களும் அல்லர். உண்மைக்கும் மாறாக, அங்கீகாரத்துக்கும் கேடாக ஒரு வாக்கியத்தை, கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது என்பதற்காக எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நேர்வது. எங்கள் ஆடிட்டர் பார்த்து அடித்தார். ஆடிட்டர் இல்லாமல் எந்தக் கையேட்டையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள் என்று, கேட்கும் எல்லோரிடமும் இப்போது சொல்லிவருகிறேன்.

பழைய வரி முறையில் இருப்பவருக்கே 80ஜி கழிவு பயன்படும், புதிய முறையைத் தேர்ந்தவருக்கு இல்லை என்ற செய்தியைக் கையேட்டில் சேர்க்கச் சொன்னபோது, ‘அதைச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள்’ என்று தயங்கினார்கள். சேர்த்தோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதையும் சேர்த்தோம். கொடுத்த பிறகு மார்ச் மாதத்தில் இதைக் கேள்விப்படுகிறவர், அடுத்த ஆண்டு நம் பக்கம் திரும்ப மாட்டார்.

வெளிநாட்டில் உள்ள சபையாரைப் பற்றியும் இதே மெத்தனம். அவர்கள் அமைத்த இணையப் பக்கத்தில் நன்கொடைப் படிவம் நாட்டின் பெயரைக் கேட்டது, குடியுரிமையைக் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி எங்களுக்குப் பதிவு கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயில் வேலை பார்த்துத் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று இதே பின்கட்டில் படித்தவரே ஆனாலும், ஆகும். பதிவு பெற்ற நிறுவனங்களே 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தைப் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். ஆக, அந்தப் படிவத்தில் தேவைப்பட்டது நாடுகளின் பட்டியல் அன்று. ‘நீங்கள் இந்தியக் குடிமகனா?’ என்ற ஒற்றைக் கேள்வி. நாங்கள் கேட்டு ஏழு வாரம் கழித்துச் சேர்த்தார்கள். அதுவரை பக்கத்தை மூடிவைத்திருந்தோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, நிதி திரட்டலில் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை விரிவாகச் சொல்வதுதான் நியாயம். முதலில் அவர்கள் சொன்ன யோசனை, நட்சத்திர ஓட்டலில் இரவு விருந்து வைத்து மேசைக்கு இவ்வளவு என்று வசூலிப்பது. எங்கள் சபையில் அந்த மேசைக்கு ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் ஆலோசகர், சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூடுகையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கைப்பிடி அரிசியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள சிறு பானையில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அது. எங்கள் வீட்டிலும் அம்மா செய்ததுண்டு. பானைக்கு வாய் கட்டிய துணியின் சாயம்கூட எனக்கு நினைவிருக்கிறது. காஞ்சிப் பெரியவர் ஏற்படுத்திய பிடி அரிசித் திட்டமும் இதே கருத்தில் அமைந்ததுதான். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிவைத்து, 1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையையே தொடங்கியவர்கள் நாடார் வணிகர்கள். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பொதுக்காரியம் செய்வதை நம் ஊருக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆலோசகர் இந்த வழக்கத்தின் மேலேயே தம் திட்டத்தைக் கட்டினார். மாதம் 300 ரூபாய். நாளுக்கு 10 ரூபாய். அதாவது ஒரு கைப்பிடி. யூபிஐ தானியங்கிக் கட்டளை ஒன்றை ஒருமுறை ஒப்புக்கொண்டால் மாதாமாதம் தானாகப் போய்விடும். கைப்பேசி பழகாதவர்களுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். ‘கைப்பிடித் திட்டம்’ என்று பெயரிட்டதும் விளக்கம் தேவைப்படவில்லை. ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் ஆயர் இரண்டு நிமிடம் பேசினார், அவ்வளவுதான். 2023 அக்டோபரில் தொடங்கி, மே மாத முடிவில் 61 பேர் சேர்ந்திருந்தார்கள். மாதம் 18,300 ரூபாய். இவர்களில் இருபது பேருக்குமேல் சபையைச் சேராதவர்கள். பிள்ளைகளின் பெற்றோர், ஒரு மருந்துக்கடைக்காரர், பழைய மாணவர்கள்.

நன்றிக் கடிதத்திலும் ஆலோசகர் சொன்னதைக் கேட்டதில் பலன் இருந்தது. அவர்கள் அலுவலகத்திலிருந்து வந்த மாதிரிக் கடிதம் ‘உங்கள் தாராளமான ஆதரவின்றி எங்கள் பயணம் சாத்தியமாகியிருக்காது’ என்று தொடங்கியது. ஆலோசகரே அதை ஒதுக்கிவிட்டு, பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரை எழுதச் சொன்னார். அவர் எழுதியது: ‘நீங்கள் ஜூலையில் அனுப்பிய 1,500 ரூபாயில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்கும் கணக்கு நோட்டும் ஜியோமெட்ரி பெட்டியும் வாங்கினோம். ஒருவனுக்கு மட்டும் கவராயம் ஏற்கெனவே இருந்தது. அந்த மிச்சத்துக்குச் சாக்பீஸ்.’ அந்தக் கடிதத்தைப் பெற்றவர் அடுத்த மாதமும் பணம் அனுப்பியதோடு, கவராயம் வைத்திருந்த பையன் யார் என்றும் விசாரித்திருந்தார்.

இனி அவர்களுடைய மென்பொருள். ரசீது வழங்கவும் நன்கொடையாளர் பட்டியலைப் பேணவும் ஆண்டுக் கணக்குக்குத் தயார் செய்யவும் ஒரே இடம் என்று சொல்லித் தந்தார்கள். பணம் கட்டும்போதே பான் எண்ணைக் கேட்டுவிடுவது அதன் பெரிய நன்மை. அப்போதைய விதிப்படி ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை எல்லாவற்றையும் வருமான வரித்துறைக்குத் தர வேண்டியிருந்தது. அதிலிருந்து உருவான 10பிஇ சான்றிதழ்தான் கொடுத்தவருக்குக் கழிவு பெறும் ஆவணமாக இருந்தது. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். முன்பெல்லாம் மே மாதம் முழுவதும் பான் எண் கேட்டுத் தொலைபேசி செய்துகொண்டிருப்பேன். 2024-இல் மே 18-ஆம் தேதியே வேலை முடிந்தது.

ஆனால் அதைச் செய்தவர்களுக்குத் தமிழர் பெயரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. தலைப்பெழுத்தை ஒரு கட்டத்தில் போட்டால் ‘குறைந்தது மூன்று எழுத்து தேவை’ என்று சொல்லும். விளைவாக, அப்பா பெயரையே குடும்பப்பெயராக இட்டவர்களுக்கெல்லாம் ‘அன்புள்ள’ என்று போட்டு, காலமான அவர்களுடைய அப்பாவின் பெயரை எழுதிக் கடிதம் போனது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. ஆலய உறுப்பினர் பதிவேட்டின் பழைய நகல் ஒன்றை, முகவரிகளைச் சரிபார்ப்பதற்காக மட்டும் அவர்களுக்குத் தந்திருந்தோம். எங்களிடம் கேட்காமலே அதிலிருந்த எண்களையெல்லாம் மென்பொருளில் ஏற்றி, பிறந்தநாள் வாழ்த்தோடு நன்கொடை இணைப்பும் தானாகப் போகும்படி செய்துவிட்டார்கள். பிறந்தநாள் காணிக்கை நம் ஆலயங்களில் வழக்கம்தானே என்பது அவர்கள் சமாதானம். நான்கு மாதத்துக்கு முன் இறந்துபோன ஒருவருக்கு, அவருடைய கைப்பேசியை இப்போது வைத்திருக்கும் மனைவிக்கு, ‘இந்த இனிய நாளில் ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒளியேற்றுங்கள்’ என்று காலை 7 மணிக்கு வாட்ஸ்அப் போனது. ஆயரும் நானும் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். நன்கொடையாளரின் விவரங்கள் யாருக்கு உரியவை, எதற்காக மட்டும் பயன்படுத்தலாம், ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதாமல் கையெழுத்திட்டது எங்கள் தவறு. நாடாளுமன்றம் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றிய அதே ஆண்டில் செய்த தவறு. அதன்பிறகு நான்காம் தவணையை நிறுத்திவைத்து, எழுத்தில் உறுதி பெற்ற பின்னரே கொடுத்தோம்.

ஒப்பந்தத்தை முழுவதுமாகப் புதுப்பிக்கவில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தை நீக்கிக்கொடுத்த பிறகு, ரசீது மென்பொருளை மட்டும் தனியே வைத்துக்கொண்டோம். கைப்பிடித் திட்டத்தைப் பெண்கள் ஐக்கிய சங்கமே நடத்துகிறது. அதற்கு ஆலோசகர் தேவைப்படவில்லை. அந்த இளம் ஆலோசகர் இடையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் முதல் கூட்டத்திலேயே மடிக்கணினியைத் திறந்து இரவு விருந்துத் திட்டத்தைக் காட்டத் தொடங்கினார்.

லோகோவின் மூலக் கோப்பு மட்டும் இன்னும் வரவில்லை. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத கோப்பாகத் தருவதாகத்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வந்திருப்பது கைப்பேசியில் அனுப்பும் அளவிலான ஒரு படம். பெயர்ப்பலகை எழுத வந்த பெரம்பூர் பெயிண்டரிடம் அதைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்றார். பிறகு எங்கள் பழைய ரசீதுப் புத்தகத்தின் மூலையில் இருந்த, யார் எப்போது வரைந்தது என்றே தெரியாத அரிக்கேன் விளக்கைக் காட்டி, ‘இதையே போட்டுரட்டா?’ என்று கேட்டார். சாக்பீஸால் பலகையில் கோடு இழுத்து, அரை மணி நேரத்தில் வரைந்து முடித்தார். ஒரே நிறம், கறுப்பு. அதைப் பார்த்து முத்திரையும் செய்துகொண்டோம். தெளிவாக விழுகிறது.